சித்தி தொட்ட ராஜா

"உங்க சித்தி அந்த ராஜாவை எதுக்கும்மா நகர்த்துனாங்க? யானையை வச்சு அந்தச் சிப்பாயைக் காப்பாத்தியிருக்கலாமே?"

கையில் காகிதக் கோப்பையோடு வராந்தாவில் என்னைத் தேடி வந்து இப்படிக் கேட்டவர் லேசுப்பட்டவர் இல்லை. அந்தச் செஸ் போட்டிக்கு வந்தவர்களிலேயே ரேட்டிங்கில், அதாவது திறமைப் புள்ளியில், முதலிடம் அவருக்குத்தான். நாங்கள் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் சொல்வோம். எனக்குப் பதில் தெரியும். அந்த மண்டபத்தில் சித்தியைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆனாலும் சொல்லத் தயங்கினேன். உண்மையைச் சொன்னால் சித்தியின் பெருமை பாதியாகிவிடுமோ என்று பயம்.

அந்தப் பயம் எவ்வளவு வீண் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இந்த வருடம்தான் பள்ளிப் படிப்பை முடித்தேன். எழுதிப் பழக்கமில்லை. ஒரு இடத்தில் உட்காரவே பழக்கமில்லை. அதனால்தான் வீட்டில் எனக்கு வாலு என்று பேர். முடிந்தவரை நிதானமாகச் சொல்கிறேன்.

சித்தி அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள். எங்கள் வீட்டு மாடியில் சித்தப்பாவோடு குடியிருக்கிறாள். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவள் ஊசி அக்கா. தெருவில் அவள் வருவதைப் பார்த்தால் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவளிடம் ஒரு தடவை ரத்தம் கொடுத்த பெரியவர்கள் அடுத்த தடவையும் "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள்.

நான் போய்ப் பார்த்திருக்கிறேன். கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவாள். எந்தக் கையால் எழுதுவீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். இரண்டு விரல்கள் மட்டும் முழங்கையின் உள்பக்கத்தில் மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள். "கண்ணுக்குத் தெரியிற நரம்பு ஏமாத்திடும்டி. விரலுக்குத் தெரியணும்" என்பாள். விரல் ஒரு இடத்தில் நிற்கும். அதற்குப் பிறகுதான் கண் அங்கே போகும். ஊசி போனதே தெரியாமல் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த விரல் பழக்கம்தான் செஸ்ஸில் அவளுக்கு எமன்.

செஸ் அவளுக்கு லேபிலேயே தொற்றிக்கொண்டது. எடுத்த ரத்தத்தைக் குழாய்களில் போட்டு ஒரு இயந்திரத்தில் வைத்துச் சுற்றவிடுவார்கள். அது சுற்றி முடிக்கிறவரை கையில் வேறு வேலை கிடையாது. அந்த நேரத்தில் போனில் ஆட ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் இயந்திரம் நின்ற பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. சித்தப்பா பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர், வாய் சும்மா இருக்காது. "ஊர்ல இருக்கிறவங்க ரத்தத்தை எடுத்தது போதாதுன்னு இப்ப மூளையையும் எடுக்கக் கிளம்பிட்டா" என்பார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அவளை வண்டியில் கொண்டுபோய் எங்கள் கிளப் வாசலில் விடுவதும் அவர்தான்.

கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஸ்டேஷனரிக் கடையின் பின்னறை. காகிதக் கட்டுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நாலு பலகை போட்டிருக்கும். கடைக்காரர்தான் எங்களுக்குச் செயலாளர், பயிற்சியாளர், திட்டுகிறவர் எல்லாம்.

செஸ்ஸில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. உன் முறை வரும்போது எந்தக் காயைத் தொடுகிறாயோ அதைத்தான் நகர்த்த வேண்டும். தொட்டுவிட்டு வேறு காயை எடுக்கக் கூடாது. சித்தி யோசிக்கும்போது விரல் தானாகப் போய்க் காயின் தலையை வருடும். அப்படியே எத்தனையோ நல்ல ஆட்டங்களைத் தோற்றாள்.

"ஏம்மா ஊசி, அது மரக்கட்டை. அதுக்கு நரம்பு இல்ல, தேடாதே!" என்று கடைக்காரர் கத்துவார்.

"கை போனப்புறம்தான் சார் எனக்கே தெரியுது!"

"அப்போ கையை வீட்ல வச்சுட்டு வா!"

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். யோசிக்கும்போது பேனாவை இரண்டு கைகளாலும் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள், யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

இந்த வருடம் லேபுக்கு ஒரு கிளை திறந்தார்கள். அங்கே பொறுப்பாளராகச் சித்தியைப் போட்டார்கள். நல்ல செய்திதான், அம்மா ஆளுக்கொரு கேக் வாங்கி வந்தாள். ஆனால் அந்தப் பொறுப்புக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. போட்டிகள் எல்லாம் ஞாயிறில்தான் நடக்கும்.

"அப்போ அடுத்த வாரப் போட்டிதான் கடைசியா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி வாலு."

"வருத்தமா இல்லையா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ஒரே ஒரு ஆசை. ஜெயிக்கணும்னு எல்லாம் இல்ல. ஒரு பெரிய ஆளோட ஆடணும். ஆடி முடிச்சு கை குடுக்கும்போது, தோத்துட்டேன்னு சொல்லாம எந்திரிக்கணும். ஒரு தடவை போதும்."

அவள் பெரிய ஆட்களோடு ஆடாமல் இல்லை. எல்லாரிடமும் தோற்றிருக்கிறாள், பெரும்பாலும் சீக்கிரமே.

போட்டி ஒரு கல்லூரியின் தேர்வுக் கூடத்தில். நீள நீளமான மேசைகள், கால் தட்டினால் கிறீச்சிடும் இரும்பு நாற்காலிகள், தலைக்கு மேலே சத்தம் போடும் மின்விசிறிகள். இம்மாதிரிப் போட்டிகளில் முதல் சுற்றுக்கு ரேட்டிங் வரிசையை நடுவில் இரண்டாக வெட்டுவார்கள். மேல் பாதியின் முதல் ஆள் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு ஆட வேண்டும். சித்தி நடுவுக்குக் கிட்டத்தில் இருந்தாள். அன்று காலையில் ஒருசிலர் வராமல் போனார்கள். வெட்டு கொஞ்சம் நகர்ந்தது. சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு வந்த கடைக்காரரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஊசி, முதல் பலகை. மாஸ்டர் கூட."

சித்தி சிரித்தாள். "பாத்ரூம் எங்க இருக்குன்னு பாத்து வச்சீங்களா சார்?" என்றாள்.

முதல் பலகையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மாஸ்டர் வந்து உட்கார்ந்ததும் தன் காய்களைக் கட்டத்தின் நடுவில் ஒவ்வொன்றாகச் சரி செய்தார். அவசரமே இல்லை. அவருடைய ரேட்டிங் சித்தியுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது நூறு ஆட்டம் ஆடினால் நூறிலும் அவர்தான் ஜெயிப்பார் என்று கணக்குச் சொல்லும்.

என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு யோசிக்கும்போது கால் ஆடும். கால் ஆடினால் கை ஓடும். தோற்று முடித்துக் கயிற்றோரம் வந்து நின்றேன். அப்போதே சித்தி இழுபறியில் இருந்தாள். ஒரு சிப்பாய் குறைவு, அப்புறம் இன்னொன்று. ஆனால் உடைந்துவிடவில்லை. மாஸ்டர் ஒரு பக்கம் இடித்தால் அந்தப் பக்கம் சுவர் வைத்தாள். மறுபக்கம் இடித்தால் மறுபக்கம். ஒவ்வொரு பலகையாக ஆட்டம் முடிந்து ஆட்கள் எழுந்து வந்து கயிற்றோரம் கூடினார்கள். "யாரு இவங்க?" என்று ஒருவர் கேட்டார். "எங்க ஆளு" என்றார் கடைக்காரர். இதுவரை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியில் பலகை வெறிச்சோடிப் போனது. மாஸ்டரிடம் ராஜா, ஒரு யானை, மூன்று சிப்பாய்கள். யானை என்று நாங்கள் சொல்வது நேர்கோட்டில் எவ்வளவு தூரமும் ஓடுகிற காயை. சித்தியிடம் ராஜா, ஒரு யானை, மாஸ்டர் பக்கமிருந்து பார்த்தால் இடது ஓரத்தில் அநாதையாக ஒரே ஒரு சிப்பாய். மாஸ்டரின் யானை அந்தச் சிப்பாயைக் குறிவைத்திருந்தது. சித்தி தன் யானையைக் கொண்டுவந்து அதைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றினால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கலாம். எனக்கே தெரிந்த விஷயம் அது.

சித்தியின் முறை. மாஸ்டர் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டாவது பலகையைப் பார்க்கப் போனார். கயிற்றோரம் நின்றவர்களின் தலைகள் எல்லாம் அவர் பின்னாலேயே திரும்பின. நடுவர் தூரத்தில் இரண்டு பையன்களின் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். சித்தி தண்ணீர் குடிக்கப் பேனாவைக் கீழே வைத்தாள்.

பாட்டிலை மூடிவிட்டுப் பலகையின் மேல் குனிந்தாள். வலது கை தானாக எழுந்து போயிற்று. இரண்டு விரல்கள். யானையின் மேல் இல்லை. ராஜாவின் மேல். முழங்கையில் நரம்பு தேடுகிற அதே மென்மையோடு ராஜாவின் தலையை ஒரு முறை வருடின. நின்றன.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். மின்சாரம் அடித்த மாதிரி.

யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். எதிரே காலி நாற்காலி. 'பரவால்ல சித்தி, யானையை எடு, யானையை எடு' என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். ராஜாவை நகர்த்தினால் சிப்பாய் போய்விடும். சிப்பாய் போனால் எல்லாம் போயிற்று. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கு இன்னொரு ஞாயிறு கிடையாது.

சித்தி காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடித் திறந்தாள். அதன் பிறகு யானை நின்ற பக்கம் அவள் கண் போகவே இல்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன், ஒரு தடவைகூடப் போகவில்லை. ராஜாவுக்கு எந்தெந்தக் கட்டங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். அவ்வளவு சாதாரணமாக. ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு "கையை மடக்குங்க" என்று சொல்கிறவளைப் போல.

மாஸ்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒன்றும் மாறாததைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார். கடிகாரத்தில் சித்தியின் நேரம் கரைந்துகொண்டே போனது. கடைக்காரர் பல்லைக் கடித்தார். "யானையை நகர்த்துறதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை? ஒரே வழிதானே!"

அப்புறம் அவள் ராஜாவை எடுத்தாள். பின்னால் பத்திரமாக வைக்கவில்லை. முன்னே, வலது ஓரத்தில், மாஸ்டரின் சிப்பாய்களுக்கு நேர் எதிரே கொண்டுபோய் வைத்தாள்.

"போச்சு" என்றார் கடைக்காரர். "ஓரத்துல போய் மாட்டிக்கிச்சு."

மாஸ்டர் புருவத்தைத் தூக்கினார். தனக்கு ஏதாவது ஆபத்தா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. யானையால் அந்தச் சிப்பாயை எடுத்துக்கொண்டார். யார் ஆடியிருந்தாலும் எடுத்திருப்பார்கள்.

சித்தி காத்திருக்கவில்லை. தன் யானையைக் கொண்டுபோய் மாஸ்டரின் ராஜாவை ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள். செக். அதாவது ராஜாவுக்கு நேரடி மிரட்டல். யானைக்குக் காப்பு எதுவும் கிடையாது. ராஜா கையை நீட்டினால் போதும், யானை செத்தது.

"ஐயையோ! இருக்கிறதையும் குடுக்கிறாளே!" என்றார் கடைக்காரர்.

மாஸ்டரின் கை நீண்டது. யானைக்கு மேலே வந்தது. அங்கேயே அந்தரத்தில் நின்றது. தொடவில்லை. மெல்லப் பின்வாங்கியது. அவர் காது சிவந்து போனதை நான் பார்த்தேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சித்தியின் ராஜா ஓரத்தில் நிற்கிறது. முன்னால் மாஸ்டரின் மூன்று சிப்பாய்களும் எல்லாக் கட்டங்களையும் அடைத்திருக்கின்றன. பின்னால் இருக்கிற வரிசை முழுவதையும், சிப்பாயைத் தின்னப் போன அவருடைய யானை அடைத்துவிட்டது. ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை. சித்தியிடம் மிச்சம் இருப்பது இந்த யானை ஒன்றுதான். இதையும் எடுத்துவிட்டால் நகர்த்த எதுவுமே இருக்காது. அப்படி ஆனால் யாருக்கும் வெற்றி இல்லை. ஆட்டம் டிரா. அந்தச் சிப்பாய் பிழைத்திருந்தால் அதை நகர்த்த வேண்டியிருந்திருக்கும், இந்த வழி மூடிப் போயிருக்கும். அவள் எல்லாவற்றையும் இழந்ததால்தான் இது நடக்கிறது.

மாஸ்டரின் ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு விலகியது. யானை துரத்திப் போய் மறுபடி ஒட்டி நின்றது. செக். ராஜா விலகியது. யானை மறுபடியும். மதம் பிடித்த யானையை நான் நேரில் பார்த்ததில்லை. இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என்னைக் கொல்லு, கொல்லு என்று அது முட்டிக்கொண்டே வருகிறது. அவ்வளவு பெரிய ஆள், கொல்ல முடியாமல் ஓடுகிறார். பலகையில் மாஸ்டர் பக்கத்து அடிவரிசையில் வலமிருந்து இடமாக அந்த ஓட்டம் நடந்தது. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கயிற்றைப் பிடித்திருந்த என் கை மரத்துப் போயிருந்தது. கால் ஆடவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நான் அசையாமல் நின்றேன்.

ராஜா இடது மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சும்மா ஓடவில்லை. அந்த மூலைக்கு நேர் மேலே, அதே கோட்டில், அவருடைய யானை நிற்கிறது. இதுவரை செய்த மாதிரியே சித்தி அந்தக் கோட்டில் ராஜாவுக்கு மேலே வந்து செக் சொன்னால், ராஜா எடுக்க வேண்டியதில்லை. அவருடைய யானை மேலிருந்து இறங்கி எடுத்துவிடும். அது நகர்ந்ததும் சித்தியின் ராஜாவுக்குக் கதவு திறந்துவிடும். டிராவும் இல்லை, ஒன்றும் இல்லை, தோல்விதான்.

கடைக்காரர் என் தோளைப் பிடித்தார். "பாத்துடும்மா ஊசி. பாத்துடும்மா" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார்.

சித்தி பேனாவை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். பலகையின் மேலிருந்து கீழ்வரை அந்தக் கோட்டை ஒரு முறை பார்த்தாள். பேனாவை வைத்தாள். யானையை மேலே அல்ல, ஒரு கட்டம் கீழே இறக்கினாள். ராஜாவின் பக்கவாட்டில், தோளோடு தோளாக.

செக்.

மாஸ்டர் சிரித்தார். ராஜாவால் அந்த யானையை எடுத்துத் தன் பக்கம் பத்திரமாக வைத்தார். கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். சித்தி கை கொடுத்தாள். இருவரும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் தோத்துட்டேன் என்று சொல்லாமல் எழுந்தாள்.

அதற்குப் பிறகுதான் வராந்தாவில் மாஸ்டர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது. "முன்னாடியே எல்லாம் பாத்துட்டுத்தான் அந்தச் சிப்பாயை விட்டாங்களா? அப்படின்னா பெரிய விஷயம்மா அது." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவர்கள் முகத்திலெல்லாம் 'ஆமாம் என்று சொல்லேன்' என்று எழுதியிருந்தது.

சித்தி முகம் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்தாள். கேள்வி அவள் காதில் விழுந்திருந்தது.

"இல்ல சார். நான் யானையைத்தான் நகர்த்த நினைச்சேன். நீங்க எந்திரிச்சுப் போயிருந்தப்போ கை தெரியாம ராஜாவைத் தொட்டுடுச்சு. அதான்."

"நான் பாக்கலையே?"

"ஆமா சார். நீங்க அங்க இல்லையே."

ஏதோ சின்னக் குழந்தைக்கு விளக்குகிற மாதிரித்தான் சொன்னாள். அவர் பார்க்காததும் அவள் தொட்டதும் இரண்டு வேறு வேறு விஷயம், ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இதை நீ சொல்லித்தான் ஆகணுமா?"

மாஸ்டர் காகிதக் கோப்பையைச் சுவரோரம் வைத்தார்.

"ராஜாவுக்கு அப்போ எத்தனை கட்டம் இருந்துச்சும்மா?"

"நிறைய இருந்துச்சு சார்."

"அத்தனையும் விட்டுட்டு அந்த ஓரத்துக்கு ஏன் போனீங்க?"

"சிப்பாய் எப்படியும் போயிடும்னு ஆயிடுச்சு. சரி, எல்லாம் போனப்புறம் என்ன மிச்சம் இருக்கும்னு பாத்தேன். எதுவுமே மிச்சம் இல்லாம இருந்தா நல்லதுன்னு தோணுச்சு."

"தொட்டது உங்க விரல்" என்றார் மாஸ்டர். "ஆனா அங்க போய் உக்காந்தது நீங்க. நானா இருந்தா தொட்ட கோபத்துலயே ஆட்டத்தை விட்டிருப்பேன்." அவர் மறுபடி ஒரு முறை கை கொடுத்தார். இந்த முறை சீக்கிரம் விடவில்லை.

அடுத்த சுற்றில் சித்தி ஒரு ஆறாம் வகுப்புப் பையனிடம் தோற்றாள். அதற்கடுத்ததிலும் தோற்றாள். சாயங்காலம் அழைத்துப் போக வந்த சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ உன் விரலுக்குத்தான் ட்ராபி குடுக்கணும்" என்றார். "குடுத்தா வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இப்போது அவள் புதுக் கிளையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ரத்தம் எடுக்கிறாள்.

இந்த ஆட்டம் இப்போது வாய்வழியாகப் பல ஊர்களுக்குப் போய்விட்டது. ஆனால் போகிற கதையில், யாரோ ஒரு சாதாரணப் பெண் பல நகர்வுகளுக்கு முன்பே வலை விரித்து மாஸ்டரைப் பிடித்தாள் என்று இருக்கிறது. கேட்டால் சித்திக்குக் கோபம் வருகிறது. "அது நான் இல்ல" என்கிறாள். எனக்கும் அந்தக் கதை பிடிக்கவில்லை, அது உண்மையைவிடச் சின்னதாக இருக்கிறது. ஆகவே படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். செஸ் ஆடுகிற யாரையாவது பார்த்தால், ஆடாதவர்களாக இருந்தாலும் சரி, இதைச் சொல்லுங்கள். அவள் பேர் வேண்டாம், என் பேரும் வேண்டாம். காலி நாற்காலியையும், யாரும் பார்க்காத அந்த இரண்டு விரல்களையும் மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.